அவன் மாதாமாதம் வந்தான், நாம் போகவில்லை

தோழர்களே,

வன்கொடுமை வழக்குகளில் பிறழ் சாட்சியாகிப் போனவர்களைப் பற்றி நம் கூட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. "நம்ம சனமே இப்படித்தான் தோழர். நாலு காசைக் காட்டினா போயிடும்." கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது யாராவது இதைச் சொல்வார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நாங்களும் சொல்லியிருக்கிறோம், தலையாட்டியும் இருக்கிறோம். இனி அப்படிப் பேசமாட்டோம். எங்கள் வாயை அடைத்தது ஒரு தாய்.

ஊரையும் பெயரையும் எழுதப்போவதில்லை. கல்லூரியில் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன், பைக்கில் அம்பேத்கர் படம் ஒட்டிக்கொண்டு ஊர்த்தெரு வழியாகப் போனான். மறித்து அடித்தார்கள், கை முறிந்தது. காவல் நிலையத்தில் முதல் நாள் புகாரை வாங்கவே இல்லை. இரண்டு நாள் மறியல் செய்த பிறகுதான் வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. மறியலில் நாங்கள் இருந்தோம். சுவரொட்டி அடித்தோம். மருத்துவமனையில் அந்தப் பையனோடு நின்று படம் எடுத்துக்கொண்டோம். வெற்றி என்று முழக்கமிட்டுவிட்டுத் திரும்பினோம்.

இரண்டரை ஆண்டுகள் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தபோது தாயும் மகனும் கூண்டில் ஏறி, "இருட்டுல யாரு அடிச்சாங்கன்னு தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். இரண்டு லட்சம் ரூபாய்க்கு ராஜி. அதிலும் ஒரு பங்கு, பேசி முடித்து வைத்தவனுக்கு. எங்களுக்கு ஆத்திரம் பொங்கியது. நேராக அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். சுயமரியாதையைப் பற்றிப் பேசினோம், அண்ணலைப் பற்றிப் பேசினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"நீங்க வந்தீங்க தம்பி. போஸ்டர் ஒட்டுனீங்க, போட்டோ புடிச்சீங்க, போயிட்டீங்க. அவன் மாசாமாசம் வந்தான்."

அவன் என்றால் தரகன். வருடப் பிறப்புக்கு வந்தான். மகளுக்கு நர்சிங் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் வந்தான். மைக்ரோ பைனான்ஸ்காரன் தவணைக்கு வாசலில் உட்கார்ந்திருந்த நாளில் வந்தான். ஒவ்வொரு முறையும் "அக்கா, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றான். அந்த இரண்டரை ஆண்டில் நாங்கள் எத்தனை முறை போனோம் என்று எண்ணிப் பார்த்தோம். இரண்டு முறை. அதில் ஒன்று, எங்கள் மாநாட்டுக்கு ஆள் திரட்டப் போனது.

பணத்துக்கு முன்னால் கொள்கையில் நிற்பது என்றால் என்ன என்பதை அன்றைக்குத்தான் பாடம் கற்றோம். அந்தப் பாடத்தை உங்களோடு பேச வேண்டும்.

ராஜிப் பணம் எப்படி வருகிறது

பணம் முதலில் பணமாக வருவதில்லை, இல்லாமையாக வருகிறது. வழக்குப் பதிவான மறுவாரமே வயலில் வேலை நிற்கிறது. மளிகைக் கடையில் கடன் நிற்கிறது. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் மாறுகிறது. அடித்தவன் தரப்பிலிருந்து ஒரு எதிர் வழக்குப் பதிவாகிறது. கை முறிந்தவன்மீதே திருட்டு, பெண்ணைக் கேலி செய்தான், ஆயுதத்தோடு வந்தான் என்று ஏதோ ஒன்று. அதற்குப் பெயர் சமநிலை. "ரெண்டு பக்கமும் கேஸ் இருக்கு, ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிச்சுக்குங்க" என்று நிலையத்திலேயே சொல்லும்போது, அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே தராசில் ஏற்றப்பட்டுவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு வாய்தா. இந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து கூடுமானவரை இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது. நடைமுறை நமக்குத் தெரியும். அந்த அம்மா பத்தொன்பது வாய்தா போயிருக்கிறார். விடியற்காலை முதல் பேருந்து, மாவட்டத் தலைநகரம், நீதிமன்ற வராந்தா. மதியம் பெயர் கூப்பிட்டு அடுத்த தேதி. பல நாள் காரணம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் கூலி போச்சு, பஸ் சார்ஜ் போச்சு. எதிரே நிற்பவனுக்கு அது ஒரு பொழுது, இவருக்கு அது இரண்டு வேளைச் சோறு.

இத்தனைக்கும் பிறகுதான் உறை வருகிறது. அது வரும்போது லஞ்சம் போலத் தெரிவதில்லை, மூச்சுவிடக் கிடைத்த இடைவெளி போலத் தெரிகிறது. முதலில் கழுத்தை நெரிப்பவனும் பிறகு கையை எடுக்கக் கூலி பேசுபவனும் ஒரே ஆள். இதைப் பார்க்காமல், மூச்சுவிட்டவரைத் துரோகி என்று சொல்பவர்கள் கொள்கையாளர்கள் அல்லர். நாங்கள் அப்படிச் சொன்னவர்கள். அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறோம்.

நிவாரணம் வேறு, ராஜி வேறு

மாணவத் தோழர்கள் இந்த வேறுபாட்டை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் ஆதிக்க சாதியினர் இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். "காசுக்காகத்தான் பி.சி.ஆர். கேஸ் போடுறாங்க" என்று ஊர் முழுக்கப் பேசுவதும் அவர்கள்தான், இரவில் உறையோடு ஆள் அனுப்புவதும் அவர்கள்தான்.

நிவாரணம் என்பது சட்டம். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த 1995 விதிகளும் அவற்றின் 2016 திருத்தமும் ஒவ்வொரு குற்றத்துக்கும் தொகையை நிர்ணயித்திருக்கின்றன. கொலை என்றால் 8,25,000 ரூபாய் என்று 2016 திருத்தம் சொன்னது. அதில் பாதி பிணக்கூறாய்வு முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் கொடுக்க வேண்டும். கொலையுண்டவரின் மனைவிக்கு அல்லது அவரைச் சார்ந்து வாழ்ந்தவர்களுக்கு மாத ஓய்வூதியம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, நிலம், வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று அதே விதி மேலும் பட்டியலிடுகிறது. இது பிச்சையும் இல்லை, கருணையும் இல்லை. தன் குடிமக்களைச் சாதியிடமிருந்து காக்கத் தவறிய அரசு கட்ட வேண்டிய கடன். இதைத் தலை நிமிர்ந்து வாங்கலாம், வாங்க வேண்டும். நிவாரணம் வாங்கியதற்காக எந்தத் தாயும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ராஜிப் பணம் அப்படியல்ல. அது நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வதற்கான விலை. அதை அரசு கொடுப்பதில்லை, குற்றவாளி கொடுக்கிறான். ரசீது கிடையாது. வாங்கிய பிறகு கூண்டில் ஏறிப் பொய் சொல்ல வேண்டும். வன்கொடுமைக் குற்றங்கள், இரு தரப்பும் பேசித் தாங்களாகவே முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. ஆனாலும் சமரச மனுவோடு உயர் நீதிமன்றம் போய் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் வழி திறந்திருக்கிறது. 2021இல் ராமாவதார் வழக்கில் உச்ச நீதிமன்றமும், சாதியை வைத்து இழைக்கப்படாத, அடிப்படையில் தனிப்பட்ட தகராறான வழக்குகளில் அதற்கு இடமுண்டு என்றது. சமரசம் கட்டாயத்தால் வந்ததா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. கட்டாயத்தை யார் பார்ப்பது? வேலை நின்றதும் கடைக்கடன் நின்றதும் எந்த மனுவில் இருக்கிறது? "நாங்கள் மனமுவந்து சமாதானமாகிவிட்டோம்" என்ற ஒரு வரிக்குக் கீழே கைநாட்டு மட்டும் இருக்கிறது.

இன்னொரு இடத்தையும் சொல்ல வேண்டும், பிணவறை வாசல். கொலை நடந்த வீட்டார் குற்றவாளிகளைக் கைது செய்யும்வரை உடலை வாங்க மாட்டோம் என்று உட்காருகிறார்கள். அங்கே அதிகாரி ஒருவர் காசோலையோடு வருகிறார். சட்டப்படி எப்படியும் வர வேண்டிய நிவாரணத்தையே "உடலை வாங்கிக்குங்க, செக் ரெடி" என்று ராஜிப் பணம் போல நீட்டுகிறார். அந்தக் கணத்தில் பக்கத்தில் நிற்கிற நம்மில் ஒருவருக்காவது விதி தெரிந்திருந்தால், "அந்தப் பணம் உடலை வாங்குவதற்கான விலை இல்லை சார், அது தனி, கைது தனி" என்று சொல்ல முடியும். தெரியாவிட்டால் நாமும் காசோலை வழங்கும் படத்தில் ஓரமாக நிற்போம்.

தரகன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான்

இப்போது கசப்பான பகுதிக்கு வருவோம். அந்த அம்மா வீட்டுக்கு மாதாமாதம் வந்தவன் ஊர்த்தெருக்காரன் இல்லை. நம் தெருக்காரன். ஒரு காலத்தில் நம்மோடு கொடி பிடித்தவன். நீலத் துண்டும் வெள்ளைச் சட்டையும் போட்டவன். வண்டியின் முன்கண்ணாடியில் அண்ணலின் படம் ஒட்டியிருப்பவன். மறியலில் எங்களைவிட உரக்கக் கத்தியவன்.

இவர்கள் வேலை செய்யும் முறை எளிது. முதலில் வழக்குப் பதிவாக வேண்டும், அதற்காக உண்மையாகவே போராடுவார்கள். வழக்கு எவ்வளவு வலுவாகப் பதிவாகிறதோ அவ்வளவுக்கு எதிர்த்தரப்பு கொடுக்கத் தயாராக இருக்கும். முன்ஜாமீன் கிடைக்காத சட்டம் என்பதே இவர்களுக்கு முதலீடு. நம் மக்களின் ரத்தம் கொட்டினால் அதை வாளியில் பிடித்து விற்கிறவர்கள் என்று சொல்வது கொஞ்சமும் மிகையில்லை. கட்டப்பஞ்சாயத்து செய்கிற ஆதிக்க சாதிக்காரனாவது நம்மிடம் தன்னைத் தோழன் என்று சொல்லிக்கொள்வதில்லை.

கன்ஷிராம் 1982இல் 'சம்சா யுகம்' என்ற நூலை எழுதினார். பூனா ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐம்பதாண்டு நிறைந்த நேரம் அது. ஒடுக்கப்பட்டவர்களை அடக்க வெளியிலிருந்து ஆள் வேண்டியதில்லை, உள்ளிருந்தே கையாட்களை உருவாக்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை அவர் அதில் பிரித்துக் காட்டினார். புனேயில் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் அரசு வேலையில் இருந்து, அதை விட்டு வெளியே வந்தவர் அவர் என்பதால் அந்த எழுத்துக்கு எடை இருந்தது. அவர் பேசியது அரசியல் கையாட்களைப் பற்றி. நம் காலத்தில் அதற்கு நீதிமன்ற வராந்தாவிலும் ஒரு கிளை முளைத்திருக்கிறது.

இவர்களை நாம் ஏன் வெளியேற்றுவதில்லை? ஏனென்றால் மாநாட்டுக்கு இவர்கள் பந்தல் போடுகிறார்கள். வேன் அனுப்புகிறார்கள். பிளக்ஸ் பேனரில் நம் படத்தையும் சின்னதாகப் போடுகிறார்கள். அந்தப் பந்தல் எந்த வழக்கின் பங்கிலிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்காமல் சாப்பிட்ட பிரியாணிக்கும் அந்த அம்மா வாங்கிய பணத்துக்கும் என்ன வேறுபாடு என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஒரு வேறுபாடு உண்டு. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

நமக்கு வருகிற உறை

ராஜிப் பணம் ஏழைத் தாய்க்கு மட்டும் வருவதல்ல. படித்த நமக்கும் வருகிறது, உறையின் நிறம்தான் வேறு.

எங்களுக்கு வந்ததைச் சொல்கிறோம். ஓர் அமைப்பு எங்கள் பயிற்சி முகாம்களுக்கு ஓராண்டு நிதி தர முன்வந்தது. சம்பளம் உண்டு, அலுவலகம் உண்டு, மடிக்கணினி உண்டு. ஒரே ஒரு திருத்தம் கேட்டார்கள். எங்கள் அறிக்கையில் 'சாதி வன்கொடுமை' என்று இருந்த இடங்களில் 'சமூக நல்லிணக்கக் குறைபாடு' என்று போட வேண்டும். "சொல்லுதானே தோழர், வேலை நடந்தா போதாதா?" என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். இரண்டு நாள் விவாதித்தோம். உண்மையைச் சொல்வதானால், எங்களில் பாதிப்பேர் ஒப்புக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தோம். மூன்று மாத அறை வாடகை பாக்கி இருந்தது.

கடைசியில் மறுத்தோம். வீரத்தால் அல்ல. கை முறிந்த அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். "யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை" என்று அவன் கூண்டில் சொன்னதைத்தான் எங்களைக் காகிதத்தில் எழுதச் சொல்கிறார்கள் என்று ஒரு தோழி சொன்னார். 'நல்லிணக்கக் குறைபாடு' என்றால் அடித்தவன் இல்லை, அடிபட்டவன் இல்லை, இணக்கம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதுவும் பிறழ் சாட்சிதான். அவனைத் திட்டிய வாயால் இதில் கையெழுத்திட முடியவில்லை.

உங்களுக்கும் வரும். விடுதி உணவைப் பற்றிப் புகார் எழுதினால், அடுத்த வாரம் உங்களை மட்டும் கூப்பிட்டு உதவித்தொகை நிலுவையைப் போட்டுத் தருவார்கள். தேர்தல் நேரத்தில் பேச்சாளர் வேண்டும் என்பார்கள், ஒரு மேடைக்கு இவ்வளவு என்பார்கள். யூடியூப் சேனலில் உட்காரச் சொல்வார்கள், எந்தக் கட்சியைத் திட்டலாம் எந்தக் கட்சியைத் திட்டக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு. எல்லாமே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. சம்பளம் வாங்குவது இழிவல்ல. நம் வீடுகளில் முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாம், அதில் நமக்கு எந்தக் குற்றவுணர்ச்சியும் வேண்டாம். வறுமையில் கிடப்பதுதான் போராளிக்கு அழகு என்று நமக்கு உபதேசிக்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று தலைமுறைச் சொத்தின்மேல் உட்கார்ந்திருப்பவர்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பணத்தை வாங்கிய பிறகு, நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்த எந்த வாக்கியத்தை நாளை சொல்ல முடியாமல் போகும்? அப்படி ஒரு வாக்கியமும் இல்லை என்றால் வாங்குங்கள். இருக்கிறது என்றால் அது ராஜி.

அண்ணல் 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசியபோது, படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று மனம் உடைந்து சொன்னார். கூலிக்காரர்களைச் சொல்லவில்லை, படித்தவர்களைச் சொன்னார். 1951இல் இந்துச் சட்ட மசோதா முடக்கப்பட்டது உள்ளிட்ட காரணங்களுக்காக மத்திய சட்ட அமைச்சர் பதவியையே விட்டு இறங்கிய மனிதர் சொன்ன சொல் அது. வேலைக்குப் போன பிறகு நம் ஊர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறுகிற ஒவ்வொருவருக்கும் அது பொருந்தும்.

நின்றவர்கள் எப்படி நின்றார்கள்

பணத்தையும் மிரட்டலையும் தாண்டி நின்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை வணங்கிவிட்டு நகர்ந்துவிடாமல், எது அவர்களை நிற்க வைத்தது என்று பார்க்க வேண்டும்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்கிவிட்டு மிராசுதார்கள் சொல்கிற சங்கத்துக்கு வா என்றபோது மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். கொடியை இறக்கியிருந்தால் வேலை உண்டு, நெல் உண்டு. இறக்கவில்லை. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம், கீழமை நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை விடுவித்தது. ஆனாலும் இன்றுவரை ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த ஊரில் கூடுகிற கூட்டத்தை யாராலும் விலைக்கு வாங்க முடியவில்லை.

மேலவளவில் தனித்தொகுதியான ஊராட்சியின் தலைவரான முருகேசனும் உடன் வந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே ஊரில், அதே ஆதிக்கத்தின் நிழலில் வாழ்ந்துகொண்டே சாட்சிகள் சேலம் நீதிமன்றம்வரை போய்ச் சாட்சி சொன்னார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் அந்த மக்களை விட்டு அகலாமல் இருந்தார்கள். 2019இல் அரசு 13 பேரை முன்கூட்டியே விடுதலை செய்தபோதும் எதிர்த்துக் கேட்க அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று சங்கர் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே, பெண்ணைத் திருப்பி அனுப்பினால் பணம் தருகிறோம் என்று பேரம் பேசப்பட்டதைக் கௌசல்யா வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இருவரும் மறுத்தார்கள். சங்கர் தலித் குடும்பத்துப் பிள்ளை, பொறியியல் மாணவர். கௌசல்யா ஆதிக்க சாதியில் பிறந்தவர். அந்தச் சாதி தந்த வசதி, சொத்து, பெற்றோர் எல்லாவற்றுக்கும் எதிராகக் கூண்டில் ஏறினார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. தீர்ப்பு மாறியது, அவருடைய வாக்குமூலம் மாறவில்லை.

கோகுல்ராஜின் தாய் சித்ராவைப் பாருங்கள். 2015 ஜூனில் மகன் காணாமல் போய், தண்டவாளத்தில் உடலாகக் கிடைத்தார். முக்கிய சாட்சி உட்படப் பலர் பிறழ் சாட்சியானார்கள். அந்தத் தாய் தளரவில்லை. தனி அரசு வழக்கறிஞர் வேண்டும் என்று போராடினார், நாமக்கல்லிலிருந்து வழக்கு மதுரைக்கு மாறியது. ப.பா. மோகன் வழக்கை நடத்தினார். கோயில் கண்காணிப்பு கேமராப் பதிவுகள் ஆதாரமாயின. 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றமும் அவர்களில் பெரும்பாலானோரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

இவர்களுடைய உறுதியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நின்றவர்களுக்குப் பின்னால் யாரோ நின்றிருக்கிறார்கள். பணம் கேட்காத வழக்கறிஞர், சாட்சியை அழைத்துப்போய்க் கொண்டுவந்து விட்ட தோழர், ஆண்டுகள் போனாலும் கைவிடாத ஓர் இயக்கம். நெஞ்சுரம் அந்தத் தாய்களுடையது. அது தேய்ந்து போகாமல் காத்தது உடன் நின்றவர்களின் உழைப்பு. எங்கள் அம்மாவுக்கும் நெஞ்சுரம் இருந்தது. பத்தொன்பது வாய்தா தனியாகப் போன பெண்ணிடம் உறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்? இல்லாமல் போனது நாங்கள்.

இனி செய்ய வேண்டியது

அந்த வீட்டிலிருந்து திரும்பிய பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தோம். 1995 விதிகளின் 11ஆம் விதி, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படி, தினப்படி, பராமரிப்புச் செலவு தர வேண்டும் என்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 15ஏ பிரிவு, பாதுகாப்பு, பயணச் செலவு, மறுவாழ்வு, தேவைப்பட்டால் இடமாற்றம் வரை சாட்சியின் உரிமை என்கிறது. தொண்டு அமைப்பு, சமூகச் செயற்பாட்டாளர், வழக்கறிஞர் ஆகியோரின் உதவியைப் பெறும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. அதாவது, அந்த அம்மா போன பத்தொன்பது வாய்தாவுக்கும் பேருந்துக் கட்டணமும் படியும் சட்டப்படி அவருக்கு வந்திருக்க வேண்டும். ஒரு மனு எழுதிக் கொடுக்க அவர் பக்கத்தில் ஆள் இல்லை. எங்களுக்கு முழக்கம் எழுதத் தெரிந்திருந்தது, மனு எழுதத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சில முடிவுகள் எடுத்தோம். நீங்களும் எடுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

ஒன்று, நாம் மறியல் செய்து பதிவு செய்ய வைத்த ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு நோட்டு. அதில் வாய்தா தேதி எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு தேதிக்கும் நம்மில் இருவர் சாட்சியோடு போக வேண்டும். போக முடியாத வழக்குக்கு மறியல் செய்து படம் எடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

இரண்டு, 11ஆம் விதிப்படியும் 15ஏ பிரிவின்படியும் கேட்க வேண்டியதை முதல் மாதமே எழுத்தில் கேட்க வேண்டும். சிறப்பு நீதிமன்றத்திலும் ஆட்சியரிடமும் மனு கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. கூடியதா என்று கேட்க வேண்டும்.

மூன்று, ராஜி பேசும் இடத்தில் உட்கார்ந்தவர் எவ்வளவு பெரிய பேச்சாளரானாலும் அன்றோடு அமைப்புக்கு வெளியே. அவர் போடுகிற பந்தலும் வேண்டாம்.

நான்கு, நம் பணத்தை நாமே சேர்க்க வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய வார இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலை ஒரு பைசா. நம் மக்களால் கொடுக்க முடிந்த காசு அது, அதில் ஓர் இதழ் நடந்தது. நாங்கள் மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போடுகிறோம். வாய்தா நிதி என்று பெயர் வைத்திருக்கிறோம். வரவு செலவை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தெருவில் நின்று வாசிக்கிறோம். வேலைக்குப் போன தோழர்கள் ஐந்நூறு போடட்டும். ஆனால் ஐம்பது போட்டவருக்கும் அதே ஒரு குரல்தான்.

ஐந்து, இத்தனையும் செய்த பிறகும் ஒரு குடும்பம் தளர்ந்து ராஜிக்குப் போனால், அவர்கள் வாசலில் நின்று திட்டக் கூடாது. எந்த மாதத்தில் நாம் போகாமல் விட்டோம் என்று நோட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அவர்களோடு உறவை முறிக்கவும் கூடாது. அவர்கள் அடிபட்டது உண்மை. கூண்டில் அவர்கள் மாற்றிச் சொன்னதால் அடித்தவன் அடிக்காதவனாகிவிட மாட்டான்.

"கொள்கை சோறு போடுமா?" என்று நம்மைக் கேலி செய்கிறவர்களுக்குப் பதில் சொல்ல நாம் தயங்குகிறோம். தயங்க வேண்டியதில்லை. சாதியை எதிர்த்து நிற்கிறவரின் வீட்டில் அடுப்பெரிய வைப்பதும் நம் கொள்கையின் பகுதிதான் என்று சொல்லுங்கள். அது இல்லாமல் பேசுகிற நேர்மை, வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு. விலை போகாமல் இருப்பது தனி ஆளின் வைராக்கியத்தில் மட்டும் இல்லை. எதிரி மாதாமாதம் வருவான் என்றால் நாம் வாராவாரம் போக வேண்டும், அதில் இருக்கிறது.

அந்த அம்மாவைப் போன மாதம் மறுபடியும் பார்த்தோம். வேறொரு வழக்கில் வேறொரு தாய் நீதிமன்றத்துக்குத் தனியாகப் போகப் பயப்படுகிறார் என்று சொன்னோம். "எந்தக் கோர்ட்டு? எனக்குப் பாதை தெரியும். பஸ் சார்ஜ் மட்டும் குடுங்க தம்பி, நான் கூடப் போறேன்" என்றார். வாய்தா நிதியிலிருந்து கொடுத்தோம். அடுத்த தேதி வியாழக்கிழமை. அவரோடு எங்களில் இருவரும் போகிறோம்.

உங்கள் மாவட்டத்தில் எந்த வழக்குக்கு எந்தத் தேதி என்று இன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெய் பீம்.